சம்பளம் நின்றாலும் ரோந்து நிற்காது: அரசு முடக்கத்தில் அமெரிக்கக் கடலோரக் காவல் படை

அமெரிக்காவில் நிதியாண்டு அக்டோபர் 1 அன்று பிறக்கிறது. அதற்குள் நிதி ஒதுக்கீட்டு மசோதாவோ தற்காலிக நீட்டிப்போ நிறைவேறாத துறைகள் முடங்கிவிடும். ஆனால் நடுக்கடலில் படகு கவிழ்ந்து தத்தளிப்பவர்களை மீட்கும் வேலையை அப்படி முடக்கிவிட முடியுமா?

ஒதுக்காத பணத்தைச் செலவிடக் கூடாது என்று அரசு அலுவலகங்களைக் கட்டுப்படுத்தும் சட்டம், மனித உயிரையும் சொத்தையும் காக்கும் அவசரப் பணிகளுக்கு விலக்கு தருகிறது. அதனால் தேடுதல், மீட்பு, துறைமுகப் பாதுகாப்பு ஆகியவை தொடரும். ஆனால் அந்த விலக்கைக் காட்டி ஆட்களை வேலைக்கு அழைக்கலாமே தவிர, சம்பளம் வழங்க முடியாது. பணம் ஒதுக்கும் சட்டம் வரும்வரை அவர்கள் கடனாகத்தான் உழைக்க வேண்டும்.

இதன் கொடுமை 2018 டிசம்பர் 22 முதல் 2019 ஜனவரி 25 வரை நீடித்த 35 நாள் முடக்கத்தில் தெரிந்தது. தரைப்படை, கடற்படை, விமானப்படை, மரைன் படை ஆகிய நான்கும் பாதுகாப்புத் துறையைச் சேர்ந்தவை. அத்துறைக்கான பணம் முன்பே ஒதுக்கப்பட்டிருந்ததால் அவர்களுக்குச் சம்பளம் வந்தது. கடலோரக் காவல் படை 2003 முதல் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் கீழ் இருக்கிறது. அந்தத் துறைக்குப் பணம் ஒதுக்கப்படவில்லை. ஜனவரி 15 அன்று வரவேண்டிய சம்பளம் அதன் வீரர்களுக்கு வரவில்லை. முடக்கத்தின்போது அமெரிக்க ஆயுதப்படை ஒன்றுக்குச் சம்பளம் நின்றது அதுவே முதல்முறை. ஐந்தே நாளில், ஜனவரி 20 அன்று, 'பெர்தால்ஃப்' என்ற அப்படையின் கப்பல் கலிபோர்னியாவின் அலமீடாவிலிருந்து மேற்குப் பசிபிக் நோக்கிப் புறப்பட்டது. வீட்டு வாடகைக்கு வழி தெரியாத குடும்பத்தைக் கரையில் விட்டுவிட்டு மாதக்கணக்கில் கடலுக்குப் போவது எத்தகைய பாரம்! படையினருக்கான உதவிச் சங்கம் வட்டியில்லாக் கடன் கொடுத்துத் தாங்கியது.

உயிர்காப்பு என்ற வரையறைக்குள் வராத சேவைகள் நின்றுபோயின. வணிகக் கப்பல் மாலுமிகளுக்குச் சான்றிதழ் வழங்கும் மையமும் கப்பல் பதிவு மையமும் மூடப்பட்டன. சான்றிதழ் கைக்கு வராத மாலுமி கப்பலேற முடியாது.

நிலுவைச் சம்பளத்துக்கு இப்போது உறுதி உண்டு. 2019 ஜனவரியில் வந்த சட்டத்தின்படி, முடக்கம் முடிந்ததும் கூட்டாட்சி அரசு ஊழியர்களுக்கு, வேலைக்கு வந்தவர்களுக்கும் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களுக்கும், அந்த நாட்களின் ஊதியம் கிடைக்க வேண்டும். ஒப்பந்ததாரர்களின் பணியாளர்கள் இதில் அடங்கமாட்டார்கள். எனக்கு இது பெரிய அநீதியாகவே படுகிறது.

முடக்கத்தின் நடுவிலேயே சம்பளம் வழங்கவும் வழி இருக்கிறது. 2013-இல் முடக்கம் தொடங்குவதற்கு முந்தைய நாளே படையினருக்குச் சம்பளம் வழங்கத் தனிச் சட்டம் வந்தது. கடலோரக் காவல் படையும் அதில் சேர்க்கப்பட்டிருந்தது. அந்த ஏற்பாடு 2014 நிதியாண்டுக்கு மட்டுமே. அதையே நிரந்தரமாக்கக் கோரும் மசோதாக்கள் அதன்பின் பலமுறை அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு வந்திருக்கின்றன.