பாட்டிலின் பின்பக்கத்தையும் படியுங்கள்

போன வருடம் அறுவடை முடிந்த வாரம் அது. கல்யாண நாள் கொண்டாட வந்த ஓர் இளம் ஜோடி, எங்கள் உணவகத்தில் மெனுவைப் பார்த்தபடி தமக்குள் தமிழில் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் தமிழில் வணக்கம் சொன்னதும் அந்தப் பெண்ணுக்கு முகமெல்லாம் சிரிப்பு. பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்தார். "அண்ணா, மத்தியானம் ஒரு கடையில வாங்கினோம். எழுபது யூரோ. கன்னூபின்னு போட்டிருக்கு. நிஜம்தானான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

பதில் சொல்லுமுன் நான் வேறொன்றைக் கேட்டேன். "காலையிலருந்து எத்தனை இடத்துல டேஸ்ட் பண்ணீங்க?" மூன்று இடம் என்றார் கணவர். வாடகைக் காரின் சாவி அவர் கையருகே இருந்தது. தங்கும் விடுதி இரண்டு குன்று தாண்டி.

பாட்டில் நிஜமா, இனி வண்டி ஓட்டலாமா என்ற இரண்டு கேள்விக்கும் பதில் அந்த பாட்டில்மேலேயே இருக்கிறது. இத்தாலியின் வடமேற்கில், பியெமோந்தே பகுதியின் லாங்கே குன்றுகளில் பதினான்கு வருடமாக ஒயின் பரிமாறுகிறேன். முன்பக்கத்தில் பெரிதாக அச்சடித்த, கன்னூபி போன்ற மலைப் பெயரைப் படிக்காத விருந்தினர் யாருமில்லை. பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படிப்பவர்களைத்தான் காண்பது அரிது.

முதலில் அந்த மலைப் பெயர். பரோலோ என்ற சிவப்பு ஒயின் 11 ஊர்களின் எல்லைக்குள், நெப்பியோலோ என்ற ஒரே ரகத் திராட்சையில் மட்டும் செய்யப்படுவது. இந்தக் கொடி சீக்கிரம் துளிர்க்கும், ஆனால் மெதுவாகத்தான் பழுக்கும். மற்ற ரகங்களையெல்லாம் பறித்து முடித்த பிறகும் இது வெயிலுக்காகக் காத்திருக்கும். அதனால் எங்கே நட்டோம் என்பதிலேயே பாதி விஷயம் முடிந்துவிடும். பனிக்காலம் முடியும்போது எந்தச் சரிவில் பனி முதலில் உருகுகிறதோ அங்கே நெப்பியோலோவை நடு என்பது இங்குள்ள பழைய விவசாயிகளின் கணக்கு. சட்டமும் கிட்டத்தட்ட அதையே சொல்கிறது. பரோலோவுக்கான கொடி குன்றின் சரிவில்தான் இருக்க வேண்டும். பள்ளத்தாக்கின் அடிநிலம், சமதரை, வடக்கு பார்த்த சரிவு எதுவும் கூடாது. உயரம் கடல்மட்டத்திலிருந்து 170 முதல் 540 மீட்டருக்குள்.

ஒரே குன்றின் பழத்தைத் தனியாக எடுத்து, அந்தக் குன்றின் பெயரிலேயே விற்கும் வழக்கம் நாம் நினைக்கிற அளவுக்குப் பழையதல்ல. முன்பெல்லாம் பல சரிவுகளின் பழத்தைக் கலந்து செய்வதுதான் முறை. 1961 அறுவடையில்தான் புஸ்ஸியா, ரொக்கே போன்ற பெயர்கள் தனித்து லேபிளில் ஏறின. அப்புறம் ஆளாளுக்குத் தோன்றிய பெயரைப் போட ஆரம்பித்தார்கள். 2010-இல் அதற்கு ஒரு முடிவு வந்தது: எல்லை குறித்த 181 பெயர்கள் கொண்ட அதிகாரபூர்வப் பட்டியல். ஆகவே பரோலோ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு இடப்பெயர் இருந்தால், அது அந்தப் பட்டியலில் உள்ள பெயரா என்று பாருங்கள். ஃபோனில் ஒரு நிமிட வேலை. தோட்டம், கோட்டை, சூரியன் என்று காதுக்கு இனிமையான எத்தனையோ வணிகப் பெயர்கள் லேபிளில் இருக்கும். அவை எந்த நிலத்தையும் குறிப்பதில்லை. அந்தப் பெயருக்காகக் கூடுதல் விலை தர வேண்டியதில்லை.

கன்னூபி என்பது பரோலோ ஊரை ஒட்டி நீளும் ஒரு குன்று. 'கன்னூபி 1752' என்று எழுதிய பழைய பாட்டில் ஒன்றை இன்றும் ஒரு குடும்பம் பாதுகாத்து வைத்திருக்கிறது. பரோலோ என்ற பெயரே ஒயினுக்கு வராத காலத்தில் இந்தக் குன்றுக்கு மதிப்பு இருந்திருக்கிறது. இவ்வளவு பேர் பெற்ற குன்றின் எல்லை எது என்பதிலேயே வழக்கு நடந்தது. நடுப்பகுதி மட்டும்தான் கன்னூபியா, அதை ஒட்டிய துண்டுகளும் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளலாமா என்று நீதிமன்றம் போய், 2013-இல் ஒட்டிய நிலங்களுக்கும் அந்த உரிமை உண்டு என்று தீர்ப்பானது. ஆக, கன்னூபி என்று சட்டப்படி சரியாக எழுதிய இரண்டு பாட்டில்கள் குன்றின் வெவ்வேறு பகுதியிலிருந்து வந்திருக்கலாம். விற்பவரிடம் "குன்றில் எந்தப் பக்கம்?" என்று கேளுங்கள். தெரிந்தவர் சந்தோஷமாகச் சொல்வார்.

இங்கே இன்னொன்றும் சொல்ல வேண்டும். குன்றின் பெயர் இல்லாத பரோலோ மட்டமானது என்று நினைத்துவிடாதீர்கள். இங்கே பேர் பெற்ற ஒயின் தயாரிப்பாளர் பர்த்தோலோ மஸ்கரெல்லோ கடைசிவரை தன் நிலங்களின் பழத்தையெல்லாம் சேர்த்து ஒரே பரோலோதான் செய்தார். இந்தக் குன்றுகளின் மிக உயர்ந்த ஒயின்களில் அதுவும் ஒன்று.

அடுத்தது மரம். பரோலோ அறுவடை ஆண்டின் நவம்பர் 1 முதல் கணக்கிட்டு 38 மாதம் முதிர வேண்டும். அதில் குறைந்தது 18 மாதம் மரப் பீப்பாயில். ரிசெர்வா என்று போட்டிருந்தால் மொத்தம் 62 மாதம். இந்தக் கணக்கு தெரிந்தால் ஒரு மோசடியை நீங்களே பிடித்துவிடலாம். 2020 அறுவடை 2024 ஜனவரிக்கு முன் விற்பனைக்கு வர முடியாது. அதற்கு முன்னால் யாராவது விற்றிருந்தால் அது பரோலோவே இல்லை.

ஓக் பீப்பாய் என்ன செய்கிறது? நெப்பியோலோவில் நாக்கைப் பிடித்து இழுக்கும் துவர்ப்பு மிக அதிகம், வாழைப்பூவைப் பச்சையாக மென்றது போல. மரத்தின் நுண்துளைகள் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று போக, அந்தத் துவர்ப்பு பதமாகிறது. பல ஆயிரம் லிட்டர் பிடிக்கும் பெரிய பீப்பாய்கள்தான் இங்கே பரம்பரை வழக்கம். அவற்றில் மரத்தின் வாசனை ஒயினில் அதிகம் ஏறாது. 1980-களில் இளைய தலைமுறை 225 லிட்டர் பிரெஞ்சுப் பீப்பாய்களைக் கொண்டுவந்தது. அவர்களில் ஒருவரான எலியோ அல்தாரே 1983-இல் அப்பாவின் பெரிய பீப்பாய்களை மரம் அறுக்கும் ரம்பத்தால் அறுத்துப்போட்டதை இன்றும் பேசுவார்கள். சின்னப் பீப்பாய், அதிலும் புதியது என்றால், வெனிலா, வறுத்த காப்பிக்கொட்டை வாசனை தூக்கலாக வரும். எங்களிடம் வருபவர்கள் பலர் அந்த வாசனையையே தரம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மரம் முன்னால் வந்து நின்றால் மலை பின்னால் போய்விடும். மலைக்குத்தானே காசு கொடுத்தீர்கள்? தவிர, ஓக் சீவலை ஒயினில் ஊறப்போட 2006-இல் ஐரோப்பிய ஒன்றியம் அனுமதி கொடுத்துவிட்டது. மலிவான ஒயினில் வெனிலா வாசனை வர பீப்பாயே தேவையில்லை.

போலிகளைப் பற்றி. 1986-இல், பரோலோவிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில் உள்ள நார்சோலே என்ற ஊரில், மலிவு ஒயினுக்குக் காட்டம் ஏற்ற மெத்தனால் கலந்தார்கள். 23 பேர் செத்தார்கள், பலருக்குப் பார்வை போனது. மெத்தனால் என்ன செய்யும் என்று 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியைப் பார்த்த நமக்கு விளக்க வேண்டியதில்லை. அந்த விஷம் பரோலோவில் கலக்கப்படவில்லை, ஆனாலும் இந்த வட்டாரமே தலைகுனிந்தது. இன்றுள்ள கெடுபிடிகளின் பின்னால் அந்தச் சாவுகள் இருக்கின்றன. 2020-இல் வேறு மாதிரி மோசடி பிடிபட்டது. தஸ்கனியின் புகழ்பெற்ற சஸ்ஸிகாயா ஒயினின் போலி. சிசிலியிலிருந்து வந்த மலிவு ஒயின், துருக்கியில் செய்த பாட்டில், எல்லாம் அச்சு அசலாக இருந்தது.

அதனால் பாட்டிலின் கழுத்தைப் பாருங்கள். இத்தாலியின் மிக உயர்ந்த தரவகை ஒயின்கள் எல்லாவற்றுக்கும் மூடிமேல் ஒரு காகிதப் பட்டை ஒட்டியிருக்கும். நாணயமும் பாஸ்போர்ட்டும் தயாரிக்கும் அரசு அச்சகம் தரும் பட்டை அது, ஒவ்வொன்றிலும் தனி எண். அது இல்லாத பரோலோவை, நண்பர் தந்தாலும், சந்தேகப்படுங்கள்.

இப்போது பின்பக்கம். 'கொந்தியேனே சொல்ஃபீத்தி' என்ற வரி சல்ஃபைட் இருக்கிறது என்பதற்கு. ஒயின் கெடாமல் இருக்கச் சேர்ப்பது. ஆஸ்துமா உள்ளவர்களில் சிலருக்கு மூச்சுத் திணறல் வரலாம், அதனால் கவனம். அதற்குப் பக்கத்தில் முட்டை, பால் என்ற சொற்கள் இருந்தால் நின்று படியுங்கள். சிவப்பு ஒயினைத் தெளியவைக்க முட்டை வெள்ளைக்கருவைச் சேர்த்து, அது அடியில் படிந்ததும் பிரித்தெடுப்பது பழைய முறை. கண்டறியும் அளவுக்கு மிச்சம் இருந்தால் லேபிளில் எழுத வேண்டும். மிச்சம் இல்லையென்றால் எழுத வேண்டியதில்லை. ஒருமுறை வயதான அம்மா ஒருவர், வாழ்நாளில் முட்டை தொடாதவர், மகன் வற்புறுத்தியதால் அரை கிளாஸ் வாங்கிக்கொண்டார். சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்து, சொன்னேன். கிளாஸை மெதுவாகத் தள்ளி வைத்துவிட்டு, "நல்லவேளை சொன்னே தம்பி" என்றார். அன்றிலிருந்து, சைவம் என்று தெரிந்தால் கேட்காமலே சொல்லிவிடுகிறேன். 2023 டிசம்பர் 8-க்குப் பிறகு தயாரான ஒயின்களில் சேர்பொருள் பட்டியல் கட்டாயம். பெரும்பாலும் ஒரு க்யூஆர் கோடாக இருக்கும், ஸ்கேன் செய்து பார்க்கலாம்.

கடைசியாக, ஆல்கஹால் அளவைச் சொல்லும் சின்ன எண். அந்த ஜோடியின் பாட்டிலில் 14.5% என்று இருந்தது. 750 மில்லி பாட்டிலில் அது ஏறக்குறைய 86 கிராம் சுத்த ஆல்கஹால். 150 மில்லி கிளாஸ் ஒன்றில் 17 கிராம். சிவப்பு ஒயின் இதயத்துக்கு நல்லதாமே என்று வாரம் ஒருவராவது கேட்கிறார்கள். ஒயின் விற்றுச் சாப்பிடுகிற நான் சொல்கிறேன்: மருந்து என்று நினைத்து இதைக் குடிக்காதீர்கள். ஆல்கஹால் புற்றுநோயை உண்டாக்கும் பொருள். இந்த அளவு பாதுகாப்பானது என்று சொல்ல எந்த அளவும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு 2023-இல் வெளிப்படையாக அறிவித்தது. மலையும் மரமும் சேர்ந்து ஒயினின் ருசியை மாற்றும். ஆல்கஹால் அதே ஆல்கஹால்தான். கர்ப்பிணிகளுக்கு ஒரு மிடறும் வேண்டாம். மாத்திரை சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவேண்டாம்.

டேஸ்டிங்கில் கொஞ்சம்தானே ஊற்றினார்கள் என்று தோன்றும். 40 மில்லி வீதம் ஐந்து ஊற்றினாலே 200 மில்லி. மூன்று இடம் போனால் கணக்கைப் பாருங்கள். மேசையில் ஒரு கலம் வைத்திருப்பார்கள், துப்புவதற்கு. நம்மவர்கள் அதைத் தொடவே மாட்டார்கள். நாலு பேர் முன்னால் எச்சில் துப்புவதா என்ற கூச்சம். அந்தக் கூச்சம் எனக்கும் இருந்தது, போக இரண்டு வருடம் ஆனது. இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் துப்புவோம். துப்பினால்தான் பத்தாவது ஒயினிலும் நாக்கு வேலை செய்யும், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். இத்தாலியில் வண்டி ஓட்டுபவருக்கு வரம்பு ஒரு லிட்டர் ரத்தத்தில் 0.5 கிராம். லைசென்ஸ் எடுத்து மூன்று வருடம் ஆகாதவர்களுக்குச் சுழியம். லாங்கே சாலைகள் குன்றின் முதுகிலேயே வளைந்து வளைந்து போகும், இரவில் மூடுபனி வேறு. நெப்பியோலோவுக்கு அந்தப் பெயர் வந்ததே மூடுபனியைக் குறிக்கும் 'நெப்பியா' என்ற சொல்லிலிருந்துதான் என்பார்கள்.

அந்த ஜோடியின் பாட்டில் அசல்தான். கழுத்துப் பட்டை, குன்றின் பெயர், ஆண்டு, மூன்றும் பொருந்தின. ஊருக்குக் கொண்டுபோய் ஃபிரிஜ் மேலே நிற்கவைக்க வேண்டாம், இருட்டான, குளிர்ச்சியான இடத்தில் படுக்கவையுங்கள் என்றேன். சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுச் சாப்பிட்டார்கள், தண்ணீரோடு. டாக்சி வர ஒரு மணி நேரம் ஆனது. இங்கே இரவு பத்து மணிக்கு மேல் டாக்சி கிடைப்பது கஷ்டம். மேசை பதிவு செய்யும்போதே அதையும் சொல்லிவிடுங்கள், நாங்களே ஏற்பாடு செய்து வைப்போம்.