படுத்த ‘ப’வும் மூடிய பெட்டியும்: பிக்கப் சண்டைக்கு அடியில் ஓர் இயற்பியல்

டெக்சஸில் வேலை பார்க்கும் ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவருடைய அலுவலகத்தில் இரண்டு பேர் எப்போதும் எதிரெதிர்க் கட்சி. ஒருவரிடம் 2010ஆம் ஆண்டின் டொயோட்டா டன்ட்ரா, இன்னொருவரிடம் அதே ஆண்டின் ஃபோர்டு எஃப்-150. இரண்டுமே பிக்கப், அதாவது கேபினுக்குப் பின்னால் திறந்த தொட்டி வைத்த டிரக். சாப்பாட்டு நேரம் முழுக்க உள்நாட்டு வண்டியா வெளிநாட்டு வண்டியா என்றுதான் பேச்சாம். ஒரு நாள் ஃபோர்டுக்காரர் சொல்லியிருக்கிறார்: “உன் வண்டிக்கு முதுகெலும்பு பாதிதான். கரடுமுரடான பாதையில் உன் பின்தொட்டி தனியாக ஆடுகிறதே, பார்த்ததில்லையா?” இது உண்மையா, வாய்ச்சவடாலா என்று வாசகர் கேட்கிறார்.

உண்மைதான். ஆனால் ஆடுவதற்குக் காரணம் ஜப்பானும் இல்லை, அமெரிக்காவும் இல்லை. ஒரு இரும்புத் தகடு மூன்று பக்கம் மடிக்கப்பட்டிருக்கிறதா, நான்காவது பக்கமும் மூடப்பட்டிருக்கிறதா என்பதுதான். நான் படித்த பொறியியலிலேயே என்னை அதிகம் மயக்கிய விஷயம் இது. வாசகர் கேட்டதற்கு நன்றி.

முதலில் “வெளிநாடு” என்ற சொல்லைச் சீக்கிரம் பார்த்துவிடலாம். 1960களின் தொடக்கத்தில் ஐரோப்பியப் பொதுச் சந்தை அமெரிக்கக் கோழி இறைச்சிக்கு வரியை ஏற்றியது. பதிலடியாக அதிபர் லிண்டன் ஜான்சன் 1963 டிசம்பரில் உருளைக்கிழங்கு மாவுச்சத்து, டெக்ஸ்ட்ரின், பிராந்தி, இலகு ரக டிரக் ஆகியவற்றின் இறக்குமதிக்கு வரி போட்டார். டிரக்குக்கு 25 சதவீதம். மற்றவற்றின் மீதான வரி பிறகு விலகியது. டிரக் வரி பல பத்தாண்டுகள் நிலைத்துவிட்டது. “கோழி வரி” என்றே அதற்குப் பெயர். அதிலிருந்து தப்ப நேரான வழி, டிரக்கை அங்கேயே செய்வது. அதனால் டன்ட்ரா தொடக்கத்தில் இண்டியானாவிலும், 2006இன் இறுதியிலிருந்து டெக்சஸின் சான் அன்டோனியோவிலும் தயாரானது. ஹோண்டாவின் ரிட்ஜ்லைன் அலபாமாவில் தயாராகிறது. மறுபக்கம், அமெரிக்கப் பெயர் கொண்ட ராம் கனரக பிக்கப்புகள் மெக்சிகோவின் சால்டியோவிலிருந்து வருகின்றன. செவ்ரோலே சில்வராடோக்களில் ஒரு பங்கு மெக்சிகோவின் சிலாவோவிலிருந்து வருகிறது. ஃபோர்டு மேவரிக்கும் மெக்சிகோதான். சந்தேகம் இருந்தால் வண்டியின் 17 எழுத்து அடையாள எண்ணைப் பாருங்கள். 1, 4, 5 என்று தொடங்கினால் அமெரிக்கா, 2 கனடா, 3 மெக்சிகோ, ஜே ஜப்பான்.

சரி, இப்போது வண்டிக்கு அடியில் போவோம்.

பெரும்பாலான பிக்கப்புகளின் அடித்தளம் ஓர் ஏணி. முன்னிருந்து பின்வரை இரண்டு நீளச் சட்டங்கள், அவற்றை இணைக்கும் குறுக்குச் சட்டங்கள். எஞ்சின், கேபின், பின்தொட்டி எல்லாம் இந்த ஏணியின் மேல் தனித்தனியாக உட்கார்ந்திருக்கின்றன. இந்த நீளச் சட்டத்தை இரண்டு விதமாகச் செய்யலாம். நம் எழுத்து ‘ப’வைப் பக்கவாட்டில் படுக்கவைத்தது போல, ஒரு பக்கம் திறந்த சட்டம் ஒன்று. நான்கு பக்கமும் மூடிய பெட்டிச் சட்டம் இன்னொன்று. எஃப்-150 2004 மாடலிலிருந்து முழுக்கப் பெட்டி. சில்வராடோ 2007இல் முழுக்கப் பெட்டியானது. அதே 2007இல் வந்த டன்ட்ராவில் முன்பகுதி பெட்டி, நடுவில் வலுவூட்டிய ‘ப’, பின்பகுதி திறந்த ‘ப’. சண்டை தொடங்கிய இடம் இதுதான்.

ஒரு சட்டத்துக்கு இரண்டு விதமான சோதனை வரும். சுமை ஏற்றினால் நடுவில் தொய்யப் பார்க்கும், அது வளைவு. முன் இடது சக்கரம் ஒரு மேட்டிலும் பின் வலது சக்கரம் இன்னொரு மேட்டிலும் ஏறினால், துணி பிழிவது போல வண்டி முறுகப் பார்க்கும், அது முறுக்கு. இந்த இரண்டையும் நாம் ஒன்றாகப் போட்டுக் குழப்பி, “பலம்” என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம்.

ஒரு கணக்குப் போடுவோம். உயரம் 150 மி.மீ., அகலம் 75 மி.மீ., தகட்டின் தடிமன் 4 மி.மீ. என்று எளிதான அளவுகளை எடுத்துக்கொள்கிறேன். இதே அளவில் ஒரு ‘ப’ சட்டம், ஒரு பெட்டிச் சட்டம். வளைவை எதிர்ப்பதில் பெட்டி ‘ப’வைவிட 1.25 மடங்குதான் விறைப்பு. அதாவது கால் பங்கு கூடுதல், அவ்வளவுதான். பளுவைத் தாங்குவதில் ‘ப’ ஒன்றும் மட்டமில்லை.

முறுக்கை எதிர்ப்பதில் எத்தனை மடங்கு தெரியுமா? ஏறத்தாழ 700.

முதன்முதலில் இந்தக் கணக்கைப் போட்டபோது எங்கோ ஒரு பூச்சியம் தவறிவிட்டது என்று நினைத்து மூன்று முறை திரும்பப் போட்டேன். நம்ப முடியாவிட்டால் கையால் செய்து பாருங்கள். காகிதச் சுருளின் நடுவே இருக்கும் அட்டைக் குழாய் ஒன்றை எடுத்து இரு முனையையும் பிடித்து முறுக்குங்கள். அசையாது. இப்போது கத்தரியால் அதன் நீளவாக்கில் ஒரே ஒரு கோடு வெட்டுங்கள். அட்டையில் ஒரு துளிகூட வெளியே எடுக்கவில்லை, எடை அதேதான். மறுபடி முறுக்குங்கள். வெட்டிய இரு ஓரங்களும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு வழுக்க, குழாய் வாழைநார் போல முறுகிவிடும்.

அந்த ஒரு வெட்டு எதைப் பறித்தது? முறுக்கும்போது தகட்டுக்குள் சறுக்குத் தகைவு, அதாவது தகட்டின் ஒரு பகுதியைப் பக்கத்துப் பகுதியின் மேல் வழுக்கப் பார்க்கும் உள்விசை, ஓர் ஓட்டம் போலப் பரவுகிறது. ஓட்டம் என்று சொல்வது வெறும் உவமை இல்லை. கணக்கிலும் அது ஓட்டம் போலவே நடந்துகொள்ளும், எங்கும் அறுபடாமல் வளையமாக வந்து சேர வேண்டும். மூடிய பெட்டியில் அதற்கு ராஜபாட்டை இருக்கிறது. மேல் தகடு, பக்கத் தகடு, கீழ்த் தகடு, மறுபக்கத் தகடு என்று முழுச் சுற்று வரும். எதிரெதிர்ச் சுவர்களில் எதிரெதிர்த் திசையில் ஓடும் இந்த விசைகளுக்கு இடையே 75 அல்லது 150 மி.மீ. தூரம் இருக்கிறது. அந்தத் தூரம்தான் நெம்புகோலின் கை. கை நீளமாக இருப்பதால் சிறிய தகைவே பெரிய முறுக்கை எதிர்த்து நிற்கிறது.

‘ப’வில் என்ன ஆகிறது? ஓட்டம் தகட்டின் வெளிப்பரப்பை ஒட்டி ஓரம்வரை போகிறது. அங்கே பாதை முடிந்துவிட்டது. தாண்டிக் குதிக்க முடியாது. திரும்பி, அதே தகட்டின் உள்பரப்பை ஒட்டி வந்த வழியே வர வேண்டும். போவதும் வருவதும் 4 மி.மீ. தகட்டுக்குள்ளேயே. நெம்புகோலின் கை அந்த 4 மி.மீட்டரைவிடக் குறைவு. கதவைக் கைப்பிடியில் தள்ளாமல் கீலை ஒட்டிக் கை வைத்துத் தள்ளிப் பாருங்கள், சட்டத்தின் கஷ்டம் புரியும்.

இதையே கண்ணால் பார்க்க இன்னும் அழகான வழி ஒன்று உண்டு. லுட்விக் பிராண்டல் என்ற ஜெர்மானியர் 1903இல் சொன்னது. ஒரு தகட்டில் சட்டத்தின் குறுக்குவெட்டு வடிவத்தில் ஒரு துளை வெட்டுங்கள். அதன் மேல் சோப்புப் படலத்தை விரித்து, அடியிலிருந்து மெதுவாகக் காற்றை அழுத்துங்கள். படலம் உப்பி மேலெழும். அந்த உப்பலுக்கு அடியில் எவ்வளவு இடம் அடங்குகிறதோ, அவ்வளவு அந்த வடிவத்தின் முறுக்கு விறைப்பு. படலம் எங்கே செங்குத்தாகச் சரிகிறதோ, அங்கே தகைவு அதிகம். சோப்புப் படலத்தின் மேடுபள்ளத்துக்கும் இரும்புக்குள் ஓடும் தகைவுக்கும் ஒரே சமன்பாடு. இயற்கை ஒரே கணக்கை இரண்டு நோட்டில் எழுதி வைத்திருக்கிறது!

‘ப’ வடிவத் துளையை நினைத்துக்கொள்ளுங்கள். 4 மி.மீ. அகலமுள்ள குறுகிய சந்து. அதன் மேல் படலம் எவ்வளவு உப்பும்? தகரத்தில் படிந்த மெல்லிய நீர்க்கோடு அளவுக்கு. அடியில் இடமே இல்லை. பெட்டி வடிவத்துக்கு, நடுவே வெற்றிடம் இருக்கும் இடத்தில் எடையே இல்லாத ஒரு தட்டை வைத்து, அதைச் சுற்றி 4 மி.மீ. வளையத்தில் மட்டும் படலம் ஒட்டியிருப்பதாகக் கொள்ள வேண்டும். காற்றை அழுத்தினால் தட்டு முழுசாக ஒரு மேசை போல மேலெழுகிறது. மேசைக்கு அடியில் அடங்கும் அத்தனை இடமும் விறைப்புக் கணக்கில் சேர்கிறது. பெட்டிக்குள் இருப்பது வெறும் காற்று. ஆனாலும் அந்த வெற்றிடத்தைச் சுற்றி வளைத்துவிட்டதாலேயே அது வேலை செய்கிறது. பளுதூக்கிகள் வடிவமைத்த ருடால்ஃப் பிரெட்ட் 1896இலேயே இதைச் சூத்திரமாகத் தந்துவிட்டார்: மூடிய மெல்லிய சட்டத்தின் முறுக்கு விறைப்பு, அது வளைத்திருக்கும் பரப்பின் வர்க்கத்தைப் பொறுத்தது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. முறுக்குக் கோட்பாட்டுக்கு அடிப்படை போட்ட பிரெஞ்சுக்காரர் சான்-வெனான் தன் பெரிய கட்டுரையை வெளியிட்டது 1855இல். ஃபோர்டு தொழிற்சாலையிலேயே பின்தொட்டி பொருத்தி மாடல்-டி பிக்கப்பை விற்கத் தொடங்கியது 1925இல். நடுவில் 70 ஆண்டுகள். “இதனால் என்ன பயன்?” என்று கேட்டு அடிப்படை ஆராய்ச்சிக்குப் பணம் மறுக்கிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தச் சோப்புப் படலம்தான் நினைவுக்கு வருகிறது. பிராண்டலிடம் சோப்பு ஊதுவதற்குப் பயன் சான்றிதழ் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஆராய்ச்சிக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை, உடனடிப் பயன் எதுவும் கேட்காமல் கொடுத்தே ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அப்புறம், 700 மடங்கு என்றால் ஏன் எல்லாரும் பெட்டியே செய்யவில்லை? முதலாவது, அந்த 700 தனிச் சட்டத்துக்கான எண். முழு ஏணியும் முறுகும்போது குறுக்குச் சட்டங்களும் எதிர்க்கின்றன, நீளச் சட்டங்கள் எதிரெதிர்த் திசையில் வளைவதும் எதிர்ப்பில் சேர்கிறது. அதனால் வித்தியாசம் நிறையச் சுருங்கும். ஃபோர்டு தன் கனரக சூப்பர் டியூட்டி பிக்கப்பை 2017 மாடலில் முழுப் பெட்டிக்கு மாற்றியபோது, புதிய சேசிஸ் (இந்த அடித்தள ஏணிதான்) பழையதைவிட 24 மடங்கு வரை விறைப்பு என்று அறிவித்தது. வளைவில் அப்படி ஒரு எண்ணைக் கற்பனை செய்யவே முடியாது. அதன் பின்னால் இருப்பது இந்த மூடிய சுற்றுதான்.

இதில் இன்னொன்றும் வெளிப்படுகிறது. டன்ட்ராவின் பின்பகுதி திறந்த ‘ப’ என்று ஃபோர்டு ரசிகர்கள் கேலி செய்த 2010இல், ஃபோர்டின் சொந்த சூப்பர் டியூட்டிக்கும் பின்பகுதி திறந்த ‘ப’தான். 2017க்குப் பிறகும், பின்தொட்டி இல்லாமல் வெறும் சேசிஸாக விற்கும் சூப்பர் டியூட்டிகளில் கேபினுக்குப் பின்னால் ‘ப’ வடிவமே இருக்கிறது. காரணம் எளிது. அந்த வண்டிகளை வாங்குகிறவர்கள் அதன் மேல் கிரேன், தண்ணீர்த் தொட்டி, ஆம்புலன்ஸ் என்று எதையாவது பொருத்துவார்கள். திறந்த சட்டத்தில் துளை போட்டு, உள்ளே கைவிட்டு, போல்ட்டுக்கு நட் பூட்டலாம். மூடிய பெட்டிக்குள் கை எப்படிப் போகும்?

பெரிய சரக்கு லாரிகளும் ‘ப’வைத்தான் விரும்புகின்றன. கனமான சுமைக்கான ஸ்பிரிங்குகள் விறைப்பானவை. மேடுபள்ளத்தில் அவை அதிகம் அசையாது. சேசிஸும் விறைத்துக்கொண்டால் ஒரு சக்கரம் தரையை விட்டு எழும்பிவிடும். ஏணி கொஞ்சம் முறுகிக்கொடுத்தால் நான்கு பக்கமும் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும். நெகிழ்வது அங்கே ஒரு வேலை. பிக்கப்பின் கேபினுக்கும் பின்தொட்டிக்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கிறதே, அது ஏணி முறுகும்போது இரண்டும் மோதிக்கொள்ளாமல் இருப்பதற்குத்தான். தனி ஏணி இல்லாமல் ஒரே உடலாக 2005இல் வந்த ரிட்ஜ்லைனுக்கு அந்த இடைவெளி தேவைப்படவில்லை. அதனாலேயே “இது டிரக்கே இல்லை” என்று பலர் அதை ஒதுக்கினார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. முறுக்கை எதிர்ப்பதில் கேபினையும் சேர்த்து முழு உடலையும் ஒரே பெட்டியாக்கிய வண்டி அது.

பெட்டிக்கு ஒரு பலவீனமும் உண்டு. பனிக்காலத்தில் சாலையில் தூவும் உப்பு, சேற்றோடு உள்ளே போய்ச் சிக்கிக்கொண்டால் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளிருந்து அரிக்கும். துரு என்றதும் உள்நாட்டுக் கட்சிக்காரர்கள் டொயோட்டாவைச் சுட்டுவார்கள். டகோமா, டன்ட்ரா, செகோயா வண்டிகளின் சேசிஸ் துருப்பிடித்த வழக்கில் அந்த நிறுவனம் 2016இல் சமரசத்துக்கு ஒப்புக்கொண்டது. அதன் மதிப்பு 340 கோடி டாலர் வரை போகலாம் என்று சொல்லப்பட்டது. உண்மைதான், பெரிய தவறுதான். ஆனால் துருப்பிடித்த டகோமா சேசிஸ்களைச் செய்து கொடுத்தது டானா என்ற அமெரிக்க நிறுவனம்.

டன்ட்ராக்காரரின் வாதத்தையும் பார்த்துவிடுவோம். 2012 அக்டோபரில் எண்டெவர் விண்வெளி ஓடத்தை லாஸ் ஏஞ்சலஸில் ஒரு பாலத்தின் மேல் டன்ட்ரா இழுத்துச் சென்றதை அவர் கட்டாயம் சொல்வார். ஏறத்தாழ 3 லட்சம் பவுண்டு! பார்க்கச் சிலிர்ப்பான காட்சிதான். ஆனால் சமதரையில், உருளும் சக்கரங்களின் மேல், மிக மெதுவாக இழுக்கும்போது எதிர்க்கும் விசை எடையில் மிகச் சிறு பங்குதான். அதில் முறுக்கும் இல்லை, வேகமும் இல்லை. இழுவைத்திறனை உண்மையாகக் காட்டுவது எஸ்ஏஇ என்ற வாகனப் பொறியாளர் அமைப்பின் ஜே2807 தரம். அரிசோனாவில் டேவிஸ் அணைக்கு அருகே 11 மைலுக்கு மேல் நீளும் ஏற்றத்தில், 100 டிகிரி ஃபாரன்ஹீட் வெயிலில், ஏசியை முழுதாக ஓடவிட்டு, டிரெய்லரோடு குறைந்தது 40 மைல் வேகத்தில் ஏற வேண்டும். இந்தத் தரத்தை 2011 மாடல்களிலிருந்து முதலில் ஏற்றது டொயோட்டா. போட்டியாளர்கள் பிறகுதான் வந்தார்கள். விண்வெளி ஓடத்தைவிட இதைச் சொல்லி அவர் பெருமைப்படலாம்.

ஆக, வாசகருக்கு என் பதில்: உங்கள் நண்பரின் டன்ட்ராவின் பின்தொட்டி ஆடுவது உண்மை, அதனால் அதன் சட்டம் ஒடியப் போவதில்லை. 2022இல் வந்த டன்ட்ராவோ முழுக்கப் பெட்டிச் சட்டம்தான், அதனால் அந்த வாதம் பழைய வண்டிகளோடு நின்றுவிடுகிறது. இருவரையும் ஒரு நாள் டார்ச்சோடு தத்தம் வண்டிக்கு அடியில் படுக்கச் சொல்லுங்கள். பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் நீளச் சட்டத்தின் உள்பக்கத்தைத் தடவிப் பார்க்கட்டும். விரல் உள்ளே மடிந்தால் ‘ப’, வழுக்கிக்கொண்டே போனால் பெட்டி. பெட்டியாக இருந்தால், அடியில் உள்ள வடிகால் துளைகள் சேற்றால் அடைபட்டிருக்கின்றனவா என்றும் பார்த்துவிடச் சொல்லுங்கள்.