திண்ணையில் யார் உட்காரலாம்?

புதுச்சேரிக்கு வருகிறவர்கள் பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே, பிரெஞ்சுப் பகுதியின் மஞ்சள் சுவர்களுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு ஊர் திரும்பிவிடுகிறார்கள். எனக்கு வேலை பெரும்பாலும் வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் பகுதியில். பழைய வீட்டை விடுதியாக, காபிக் கடையாக, படிப்பகமாக மாற்ற நினைக்கிறவர்கள் கூப்பிடுவார்கள். முதல் நாள் எல்லோரும் கேட்பது, முகப்புக்கு என்ன பெயிண்ட் அடிக்கலாம் என்பதைத்தான். நான் குனிந்து சுவரின் அடியைத் தட்டிப் பார்ப்பேன்.

போன மழைக்குப் பிறகு ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். முழங்கால் உயரத்துக்குச் சுவர் உப்புப் பூத்து, பூச்சு அப்பளம் மாதிரி உப்பியிருந்தது. விரலால் தட்டியதும் பாளமாகக் கையோடு வந்துவிட்டது. “போன வருஷந்தான் தம்பி, நல்ல சிமெண்டுல பூசினோம்” என்றார் வீட்டுக்கார அம்மா. அந்த நல்ல சிமெண்டால்தான் வந்தது வினை. இந்தச் சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்பும். தரையிலிருந்து ஏறுகிற ஓதம் சுண்ணாம்புப் பூச்சு வழியாக வெளியேறிக் காய்ந்துவிடும். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிட்டது. பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு மூன்று மாதமாவது சுவரைக் காயவிடுங்கள் என்றேன். கடைத் திறப்புக்கு அவர்கள் ஏற்கெனவே நாள் குறித்திருந்தார்கள்!

அப்புறம் மாடி. தேக்குக் கட்டைகளுக்கு மேல் சின்னச் செங்கல்லை நிறுத்தி, சுண்ணாம்பில் பதித்துக் கட்டிய மெட்ராஸ் டெரஸ். ஒரு குடும்பம் நடமாடவும் வடகம் காயப்போடவும் போட்ட தளம். அதில் ஆயிரம் லிட்டர் தொட்டி ஒன்று நிறைந்தாலே ஒரு டன் எடை. விடுதி என்றால் ஒன்று போதாது. கூரை ஒழுகினால், கட்டை சுவருக்குள் போகும் முனைதான் முதலில் மக்கும். நடுவில் பார்த்தால் கம்பீரமாகத்தான் இருக்கும். கடற்கரைச் சாலையில் இருந்த 19ஆம் நூற்றாண்டு நகராட்சிக் கட்டடமான மேரி, 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. அதே தோற்றத்தில் திரும்பக் கட்டியிருக்கிறார்கள். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அது புதுக் கட்டடம்.

இந்தப் பகுதியில் உருப்படியாக நடந்த வேலை என்றால் நான் வைசியாள் வீதியைச் சொல்வேன். 2000களின் தொடக்கத்தில் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்டத்தில் நகராட்சியும் இன்டாக் என்ற மரபுப் பாதுகாப்பு அமைப்பும் சேர்ந்து, வரிசையாகப் பல வீடுகளின் முகப்பைச் சீரமைத்தன. 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபு விருதும் வந்தது. எனக்குப் பிடித்தது விருது அல்ல. தனி வீட்டை விட்டுவிட்டுத் தெருவை ஒரே பொருளாகப் பார்த்தார்கள் பாருங்கள், அதுதான். தெருவை ஒட்டிய தாழ்வாரமும் திண்ணையும் வீட்டுக்காரருடையவைதான். நிழல் மட்டும் போகிறவர் வருகிறவர் எல்லோருக்கும்.

பொதுப் பயன்பாடு என்ற பேச்சு வந்ததும் மணிக்கூண்டு, செயற்கை நீரூற்று என்று வரைபடம் நீட்டுகிறார்கள். கடற்கரைச் சாலையில் மாலை ஆறு மணிக்குத் தடுப்பு வைத்து வண்டிகளை நிறுத்திவிடுகிறார்கள், மறுநாள் காலை ஏழரை வரைக்கும். ஒரு செங்கல்கூட வைக்கவில்லை, ஊரே அங்கே நடக்கிறது. பெரிய மார்க்கெட் விஷயம் கடினம். சாக்கடையும் மின்கம்பிகளும் கட்டாயம் மாற வேண்டும். ஆனால் முழுவதையும் இடித்துவிட்டுக் கட்டலாம் என்றபோது வியாபாரிகள் எதிர்த்ததில் நியாயம் இருக்கிறது. இரண்டு வருஷம் கடை வேறு இடத்தில் இருந்தால் வாடிக்கையாளர் வேறு வழி பழகிவிடுவார். பகுதி பகுதியாகச் செய்தால் செலவும் நாளும் கூடும். கூடட்டும்.

திண்ணைக்கு வருகிறேன். காபிக் கடை வைக்கப்போன ஒருவர், திண்ணையைக் கண்ணாடியால் அடைத்து நாலு மேசை போட வேண்டும் என்றார். அங்கே தினமும் ஒரு அம்மா உட்கார்ந்து பூக் கட்டுவார். இரண்டு வாரம் பேசி, கண்ணாடியைத் தூண்களுக்குப் பின்னால், உள்சுவரோடு நிறுத்தச் சம்மதிக்க வைத்தேன். திண்ணை திறந்தபடியே இருக்கும் என்பது ஒப்பந்தம். போன வாரம் எட்டிப் பார்த்தேன். கண்ணாடி சொன்ன இடத்தில்தான் இருந்தது. ஆனால் திண்ணையில் பெரிய பூந்தொட்டி ஒன்று, சரியாக அந்த அம்மா உட்காரும் இடத்தில். தள்ளி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.