கண்ணுக்குத் தெரியாத ஒளி: மணிக்கட்டு நரம்புக்கு லேசர் அக்குபங்சரை எப்படிச் சோதிப்பது?

ராத்திரி இரண்டு மணிக்குக் கை மரத்துப்போய் விழிப்பு வருகிறதா? எழுந்து உட்கார்ந்து உதறினால் சரியாகிறதா? அடுத்த முறை அப்படி ஆகும்போது எந்தெந்த விரல் மரத்திருக்கிறது என்று பாருங்கள். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் நடுவிரலை ஒட்டிய பாதி மட்டும் மரத்து, சுண்டுவிரல் தப்பித்திருந்தால், பெரும்பாலும் கோளாறு மணிக்கட்டில்தான் இருக்கும். மருத்துவர்கள் இதை கார்ப்பல் டனல் நோய் என்பார்கள். முக்கூடல், கடையம், ஆலங்குளம் பக்கம் பீடி சுற்றும் பெண்கள் சொல்வது வேறு மாதிரி: "கை மதமதன்னு கெடக்கு மதினி, உதறுனாத்தான் உசுரு வருது."

மணிக்கட்டின் அடியில் சிறு எலும்புகள் குழிவாக அமைந்திருக்கின்றன. மேலே ஒரு தடித்த தசைநார் கூரை போட்டதுபோல் குறுக்கே ஓடுகிறது. இடையில் உள்ள குறுகிய வழியில் விரல்களை மடக்கும் ஒன்பது நாண்களும், மீடியன் என்ற நரம்பும் போகின்றன. நாண்களைச் சுற்றியுள்ள உறை தடித்தாலோ நீர் கோத்தாலோ உள்ளே அழுத்தம் ஏறும். எலும்பும் கூரையும் விலகிக் கொடுக்காது, அதனால் நசுங்குவது நரம்புதான். தூக்கத்தில் மணிக்கட்டு தானாக மடங்கிக்கொள்வதால் அழுத்தம் இன்னும் கூடும். ராத்திரியில் விழிப்பு வருவது அதனால்தான். சுண்டுவிரலுக்கு வரும் நரம்பு இந்த வழியில் போவதில்லை.

பீடி சுற்றும் கையைக் கொஞ்சம் நின்று பார்த்தால் தெரியும். வெட்டிய இலையில் தூளைப் பரப்பி, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சேர்த்து உருட்டி, பீடியின் வாயை மடக்கி, நூலைச் சுற்றி முடிக்க சில விநாடிதான். கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்ற கணக்கு, அதனால் கை நிற்பதே இல்லை. இப்படி ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும் வேலை இந்த நோய்க்கு வழி செய்யும். ஆனால் வேலை மட்டுமே காரணம் என்று முடிவுகட்டக் கூடாது. சர்க்கரை நோய், தைராய்டு சுரப்புக் குறைவு, முடக்குவாதம், கர்ப்பம் எல்லாமே இதைக் கொண்டுவரும். போதாததற்கு, பீடித் தட்டின் மேல் நாள் முழுக்கக் குனிந்திருப்பவருக்குக் கழுத்தில் நரம்பு அழுந்தினாலும் கை இதே மாதிரி மரக்கும்.

இந்த நோய்க்குத்தான் லேசர் அக்குபங்சர் என்று ஒரு சிகிச்சை சொல்கிறார்கள். ஊசிக்குப் பதிலாக, அக்குபங்சர் புள்ளிகளில் மெல்லிய லேசர் ஒளியை வைப்பார்கள். அறுவைக்குப் பயன்படும் லேசர் வேறு, இது வேறு. இதன் திறன் மில்லிவாட் கணக்கில்தான் இருக்கும், தோலைச் சுடாது. 50 மில்லிவாட் கருவியை ஒரு நிமிடம் வைத்தால் உள்ளே போவது வெறும் 3 ஜூல் ஆற்றல். இவ்வளவு சிறிய ஒளி என்ன செய்துவிடும் என்று கேட்கலாம். செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்டிரியாவில் சைட்டோகுரோம் சி ஆக்சிடேஸ் என்ற நொதி இருக்கிறது. சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் அது உறிஞ்சி வேகமாக வேலை செய்யும், வீக்கம் தணியும் என்பது ஒரு கருதுகோள். இந்த ஆராய்ச்சியின் தொடக்கம் 1967. ஹங்கேரியின் புடாபெஸ்டில் எண்ட்ரே மெஸ்டர் என்ற மருத்துவர் எலிகளின் மழித்த தோலில் லேசர் அடித்தபோது, அந்த இடத்தில் முடி சீக்கிரம் வளர்ந்ததைக் கண்டார். எலிக்கு முடி வளர்ந்தது என்பதிலிருந்து மனிதரின் மணிக்கட்டு நரம்பு தேறும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டும். அந்தத் தூரத்தைக் கடக்க ஒழுங்கான சோதனை வேண்டும்.

சோதனை என்று வரும்போது லேசருக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. இந்தக் கட்டுரையை எழுதத் தோன்றியதே அதனால்தான். ஊசி அக்குபங்சரில் போலி சிகிச்சை கொடுப்பது சிரமம். குத்தினால் நோயாளிக்குத் தெரியும், குத்துகிறவருக்கு நிச்சயம் தெரியும். அகச்சிவப்பு லேசரோ கண்ணுக்குத் தெரியாது, சூடும் தெரியாது. உள்ளே ஒளியே வராத ஒரு கருவியை அதே உருவத்தில் செய்து, இரண்டுக்கும் எண் மட்டும் போட்டுக் கொடுத்தால், நோயாளிக்கும் தெரியாது, கருவியைப் பிடிப்பவருக்கும் தெரியாது. கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி எப்படியும் போட வேண்டும், அதுவும் உதவியாகவே அமையும்.

இவ்வளவு மறைப்பு எதற்கு? கை மரப்பு ஏறி இறங்கும் நோய். தாங்க முடியாத வாரத்தில்தான் ஆள் சிகிச்சைக்கு வருவார். அதற்கடுத்த வாரங்களில் ஒன்றும் செய்யாமலே கொஞ்சம் தணியலாம். ஒருவர் பத்து நிமிடம் கையைப் பிடித்து அக்கறையாகப் பார்த்தாலே வலி குறைந்ததாகத் தோன்றும், அது பொய்யும் அல்ல. இதையெல்லாம் கழித்த பிறகு ஒளியின் பங்கு என்ன மிஞ்சுகிறது என்பதே கேள்வி.

அமெரிக்காவின் பாஸ்டனில் மார்கரெட் நேசர் குழு 2002-இல் வெளியிட்ட ஆய்வு இதில் முக்கியமானது. வழக்கமான சிகிச்சையில் குணமாகாத 11 பேருக்கு உண்மைச் சிகிச்சை ஒரு சுற்று, போலி ஒரு சுற்று, எது முதலில் என்பது குலுக்கல்முறை. கையைக் கறுப்புத் திரைக்குப் பின்னால் நீட்டச் சொன்னார்கள். உண்மைச் சுற்றில் வலி குறைந்தது, நரம்பில் உணர்வுச் சைகை போய்ச்சேர ஆகும் நேரமும் குறைந்தது. நல்ல தொடக்கம்தான். ஆனால் 11 பேர் மிகக் குறைவு. அதோடு சிவப்பு லேசர், அகச்சிவப்பு லேசர், மெல்லிய மின்தூண்டல் மூன்றையும் சேர்த்துக் கொடுத்ததால், பலன் எதனுடையது என்று பிரிக்க முடியாது. பிறகு 2017-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு, இந்த நோய்க்குக் குறைதிறன் லேசர் கொடுத்த 22 ஆய்வுகளை, மொத்தம் 1,153 பேர், சேர்த்துப் பார்த்தது. நம்பிச் சொல்லும்படியான பலனுக்குச் சான்று போதாது என்றே முடித்தது.

இன்னொரு சிக்கலை யாரும் எளிதில் கவனிப்பதில்லை. இந்த நோய்க்கு முதலில் தேர்ந்தெடுக்கும் அக்குபங்சர் புள்ளிகளில் ஒன்று பெரிகார்டியம் 7. அது மணிக்கட்டு ரேகையின் நட்டநடுவில், நசுங்கிய நரம்புக்கு நேர் மேலே இருக்கிறது! அங்கே ஒளி வைத்துக் குணமானால், புள்ளியால் குணமானதா, நரம்பில் ஒளி பட்டதால் குணமானதா? எனவே இரண்டு அணி போதாது, மூன்று வேண்டும். ஓர் அணிக்கு மணிக்கட்டில் ஒளி, இன்னொன்றுக்கு அதே அளவு ஒளி மணிக்கட்டை விட்டு விலகிய புள்ளிகளில் மட்டும், மூன்றாவதற்கு ஒளி வராத கருவி. மூன்று அணிக்கும் ராத்திரியில் மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டை கொடுத்தே ஆக வேண்டும். பலன் தெரிந்த சிகிச்சையை ஆராய்ச்சிக்காக யாருக்கும் மறுப்பது நியாயமல்ல. கட்டைவிரலடி மேடு வற்றிப்போனவர்களைச் சேர்க்கவே கூடாது. அவர்களுக்கு அறுவை மருத்துவரின் யோசனை உடனே வேண்டும்.

நம் ஊரில் செய்வதென்றால் தோலின் நிறத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். கறுத்த தோலிலுள்ள மெலனின் என்ற நிறமி சிவப்பு ஒளியைக் கூடுதலாக உறிஞ்சிவிடும், அகச்சிவப்பில் அந்த இழப்பு குறைவு. வெளுத்த தோலுக்கு வகுத்த அளவை அப்படியே எடுத்துக்கொண்டு, பலனில்லை என்று தள்ளினால் அது சரியான சோதனை ஆகாது.

பலனை அளக்க இரண்டு வழி. ஒன்று நரம்பு கடத்தல் சோதனை. மணிக்கட்டில் சிறு மின்தூண்டல் கொடுத்து, சைகை விரலை அல்லது கட்டைவிரல் தசையை எட்டும் நேரத்தை மில்லிவிநாடியில் அளப்பார்கள். மின்கம்பிக்கு ரப்பர் போல நரம்புக்கு மயலின் உறை உண்டு. அது தேய்ந்தால் சைகை தாமதமாகும். கை குளிர்ந்திருந்தாலும் தாமதமாகும் என்பதால், ஏசி அறையில் உட்கார்த்தி வைத்து அளந்தால் கணக்கு கெட்டுவிடும்.

இன்னொன்று 1993-இல் வந்த பாஸ்டன் கேள்வித்தாள். எழுதுவது, பொத்தான் போடுவது, புத்தகம் பிடிப்பது, ஜாடி மூடி திறப்பது எவ்வளவு சிரமம் என்று 1 முதல் 5 வரை மதிப்பெண் கேட்கும். ஜாடி மூடியை முக்கூடலில் யாரும் பெரிதாக நினைக்க மாட்டார்கள். குடத்தைத் தூக்குவதையும், பீடிக்கு நூல் கட்டுவதையும், மாவு பிசைவதையும் கேட்க வேண்டும். அப்புறம், ஒரு மணி நேரத்தில் எத்தனை பீடி சுற்ற முடிகிறது என்றும் சிகிச்சைக்கு முன்னும், மூன்று மாதம், ஆறு மாதம் கழித்தும் எண்ணலாம். இலை நன்றாக இல்லாத வாரம் எண்ணிக்கை தானாகவே குறையும், ஆகவே அந்த வாரத்து இலை எப்படி இருந்தது என்பதையும் பக்கத்திலேயே குறித்து வைக்க வேண்டும்.