பழைய டூபா வாங்கும் முன் வால்வைப் பாருங்கள்

பித்தளை ஊதுகருவிகளைப் பழுதுபார்ப்பது என் தொழில். மலிவாகக் கிடைத்தது என்று என் மேஜைக்கு வரும் டூபாக்களில், அதாவது இந்த வகையின் பெரிய கீழ்ச்சுரக் கருவிகளில், இரண்டு சாதி உண்டு. ஒன்று கறுத்துப்போய், ஒடுக்கு விழுந்து, பார்க்கவே பரிதாபமாக இருக்கும். இன்னொன்று கண்ணாடி மாதிரி மின்னும். முதலாவதை வாங்கியவர் கூச்சத்தோடு தூக்கி வருவார், இரண்டாவதை வாங்கியவர் பெருமையோடு. செலவுக் கணக்கைச் சொன்னதும் பெரும்பாலும் முகங்கள் இடம் மாறிவிடும்.

காரணம் எளிது. பெல்லில், அதாவது கருவியின் அகன்ற வாயில், விழுந்த ஒடுக்கை எடுப்பது அன்றாட வேலை. விரலால் அழுத்திச் சுரம் மாற்றும் வால்வு தேய்ந்திருந்தால் அது கருவியின் விலையையே விழுங்கும். வால்வுக்குள் மேலும் கீழும் போகும் உருளைதான் பிஸ்டன். அதற்கும் அது ஓடும் உறைக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான். அது அகன்றுவிட்டால் காற்று குழலுக்குள் போகாமல் பக்கவாட்டில் கசியும். சுரம் தடுமாறும், கீழ்ச்சுரங்கள் பிடிபடாது, ஊதுபவர் தன் மூச்சில்தான் குறை என்று நினைத்துக்கொள்வார். சரிசெய்ய வேண்டுமானால் பிஸ்டனுக்கு நிக்கல் முலாம் ஏற்றி, உறையைக் கடைந்து, இரண்டையும் ஒன்றோடொன்று தேய்த்துப் பொருத்த வேண்டும். நாலு வால்வுக்கும் இதைச் செய்தால் ‘மலிவு’ என்ற பேச்சுக்கே இடமில்லை.

வால்வைச் சோதிக்கக் கருவி எதுவும் தேவையில்லை. வால்வை அழுத்தாமல், அதன் ஸ்லைடை, அதாவது உருவக்கூடிய வளைகுழாயை, மட்டும் சில சென்டிமீட்டர் வெளியே இழுத்துப் பிடியுங்கள். மெதுவாக ஐந்து எண்ணிவிட்டு வால்வை அழுத்துங்கள். ‘பொப்’ என்று சத்தம் கேட்டால் உள்ளே வெற்றிடம் நின்றிருக்கிறது, நல்ல அறிகுறி. சத்தமே வரவில்லை என்றால் வால்விலோ ஸ்லைடிலோ கசிவு. ஒவ்வொரு வால்வுக்கும் தனித்தனியாகச் செய்து பாருங்கள். ஒரு எச்சரிக்கை: கெட்டியான எண்ணெயை ஊற்றி வைத்தால் தேய்ந்த வால்வும் கொஞ்ச நேரம் நல்ல பிள்ளையாக நடிக்கும். பிஸ்டனைத் துடைத்துவிட்டு, நீங்கள் கொண்டுபோன மெல்லிய எண்ணெயைப் போட்டுச் சோதிப்பதுதான் முறை. அப்போதே பிஸ்டன்களில் பொறித்த எண்களையும் பாருங்கள். இடம் மாறிப் போட்டிருந்தால் காற்றே போகாது. நேராக மாட்டினால் தீர்ந்துபோகும் கோளாறுக்காகவே விலை குறைந்த கருவிகளும் உண்டு.

சில டூபாக்களில் பிஸ்டனுக்குப் பதில் சுழலும் ரோட்டர் இருக்கும். அந்த ரோட்டரி வால்வில் கடகடவென்று சத்தம் வந்தால் பயந்து ஓட வேண்டாம். பெரும்பாலும் இணைப்புக் கம்பிகளின் மூட்டுத் தேய்மானமும் காய்ந்துபோன கார்க்கும்தான், சில்லறைச் செலவு. ரோட்டரையே பிடித்து அசைக்கும்போது மேலும் கீழும் ஆடுகிறதென்றால் விஷயம் வேறு.

அடுத்து, வாய் வைத்து ஊதும் மவுத்பீஸைச் செருகும் முதல் குழாய். எச்சிலும் ஈரமும் அதிகம் படுவது அங்கேதான். பித்தளையிலிருந்து துத்தநாகம் கரைந்து வெளியேறி, செம்பு மட்டும் பஞ்சு போல மிஞ்சும். வெளியே இளஞ்சிவப்புப் புள்ளிகளாகத் தெரியும். நடுவே கரும்புள்ளி இருந்தால் அரிப்பு உள்ளிருந்து வெளியே வந்துவிட்டது என்று பொருள். அந்த ஒரு குழாயோடு நின்றிருந்தால் மாற்றிவிடலாம். பெரிய வளைவுகளிலும் பரவியிருந்தால் நான் வாங்கமாட்டேன். மேலே படியும் பச்சைக் களிம்பு வேறு, இது வேறு. களிம்பு கழுவினால் போகும்.

பலர் ஏமாறும் இன்னொரு இடம் சுருதி. பிரிட்டிஷ் பித்தளைப் பேண்டுகள் 1960களின் நடுப்பகுதி வரை உயர்ந்த சுருதியில் வாசித்தன. இன்றைய 440 ஹெர்ட்ஸுக்குப் பதில் அவர்களுடையது ஏறக்குறைய 452. அந்தக் காலத்து டூபாக்கள் உறுதியானவை, அழகானவை, மலிவாகவும் வரும். ஆனால் மற்றவர்களோடு சேர்ந்து வாசித்தால் அரைச்சுரத்தில் பாதியளவு ஏறி நிற்கும். குழல் பதினெட்டு அடி நீளமுள்ள பி-பிளாட் சுருதி டூபாவை இறக்க வேண்டுமானால் குழலில் சுமார் அரை அடி சேர்க்க வேண்டும், வால்வு ஸ்லைடுகளையும் அதே விகிதத்தில் நீட்ட வேண்டும். முழுக் கருவியின் சுருதியையும் மாற்றும் பிரதான ஸ்லைடை மட்டும் நீட்டிவிட்டு ‘மாற்றியாகிவிட்டது’ என்று விற்பார்கள். சுருதி காட்டும் ட்யூனரை வைத்து, வால்வு அழுத்தாமல் வரும் திறந்த சுரத்தை மட்டும் பார்க்காமல், ஒவ்வொரு வால்வையும் அழுத்திப் பாருங்கள்.

வரிசை எண்ணைச் சுரண்டி எடுத்திருந்தால் பேச்சை வளர்க்காமல் திரும்பிவிடுங்கள். 2011 முதல் சில ஆண்டுகள் தெற்கு கலிபோர்னியாவின் உயர்நிலைப் பள்ளிகளில் டூபாக்கள் தொடர்ந்து திருட்டுப் போயின. இவ்வளவு பெரிய பொருளை யார் திருடுவார்கள் என்று சிரிக்க வேண்டாம்.

வாங்கியாகிவிட்டது என்றால் முதல் வேலை குளிப்பாட்டுவது. ஊதிப் பார்க்கும் ஆசையைக் கொஞ்சம் அடக்குங்கள். பல வருடம் மூடிக் கிடந்த குழாய்க்குள் பூஞ்சையும் கிருமியும் குடியிருக்கும். கழுவாத டிராம்போனால் ஒருவருக்கு நுரையீரல் ஒவ்வாமை அழற்சி வந்ததை 2010இல் ஒரு மருத்துவ இதழ் பதிவு செய்தது. வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவும் சோப்பு, வளையும் நீண்ட பிரஷ் போதும். கொதிநீர் லாக்கரை, அதாவது மேலே பூசிய பளபளப்புப் பூச்சை, உரித்துவிடும். பிஸ்டனில் இருக்கும் ஃபெல்ட் துணி வளையத்தை முன்பே கழற்றி வையுங்கள்.

வீட்டு வேலை அத்தோடு நிற்கட்டும். என்னிடம் வரும் மோசமான கேஸ்கள் காலத்தால் கெட்டவை அல்ல, கைவைத்துக் கெட்டவை. இறுகிய ஸ்லைடைக் குறடால் பிடித்து முறுக்கியிருப்பார்கள். உடைந்த தாங்கியை எபாக்சி வைத்து ஒட்டியிருப்பார்கள். அதைச் சுரண்டி எடுத்த பிறகுதான் அங்கே பற்றவைக்கவே முடியும். மவுத்பீஸ் சிக்கிக்கொண்டால் சுத்தியல் எடுப்பார்கள், முதல் குழாய் முறுகிப்போகும். அதை உருவுவதற்கென்றே ஒரு கருவி உண்டு, பட்டறையில் ஒரு நிமிட வேலை. பஃபிங் சக்கரத்தில் கொடுத்துப் பளபளப்பாக்குவதும் இந்த வரிசையில்தான் சேரும். ஒவ்வொரு முறையும் உலோகம் தேய்கிறது. பெல்லில் பொறித்த எழுத்து மங்கியிருந்தால் தகடு ஏற்கெனவே மெலிந்திருக்கலாம்.

பணத்தை இந்த வரிசையில் செலவழியுங்கள்: முதலில் கசிவு, பிறகு இறுகிய ஸ்லைடுகள், பிறகு குறுகலான குழாய்களில் விழுந்த ஒடுக்கு. பெல்லின் ஒடுக்கு ஒலியை அவ்வளவு பாதிக்காது, கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். லாக்கருக்கு நான் யாரையும் செலவு செய்யச் சொன்னதில்லை.

விளம்பரத்தில் வந்த படத்தை அனுப்பி ‘வாங்கலாமா?’ என்று கேட்பவர்கள் நிறைய. படத்தில் எனக்கு ஒடுக்கு தெரியும், வால்வு தெரியாது. விற்பவரிடம் அந்த ‘பொப்’ சோதனையை வீடியோவாகக் கேளுங்கள், எல்லா வால்வுக்கும், சத்தத்தோடு. எடுத்துத் தரத் தயங்கினால் விலையை அதற்கேற்பக் குறைத்துப் பேசுங்கள், அல்லது விட்டுவிடுங்கள்.