ஜெலட்டின் படலம் எந்த உணவுக்குப் பொருந்தும்?

பிளாஸ்டிக் உறைக்கு மாற்றுத் தேடி எங்கள் ஆய்வகத்துக்கு வரும் சிறு தயாரிப்பாளர்களில் சிலர், ‘மக்கும் உறை’ என்ற ஒன்றை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு, ஊறுகாய்க்கும் இட்லி மாவுக்கும்கூட ஜெலட்டின் படலம் கேட்கிறார்கள். ஈரமான எந்த உணவுக்கும் அது தனித்து நிற்காது என்பதையே அவர்களுக்கு முதலில் விளக்குகிறேன்.

மாடு, பன்றி ஆகியவற்றின் தோல், எலும்பிலும் மீனின் தோல், செதிலிலும் உள்ள கொலாஜன் என்னும் புரதத்தை அமிலத்திலோ காரத்திலோ பதப்படுத்தி, வெந்நீரில் பிரித்தெடுத்தால் கிடைப்பது ஜெலட்டின். அந்தக் கரைசலை மெல்லியதாகப் பரப்பி உலர்த்தினால் கண்ணாடி போன்ற படலம் உருவாகும். வெறுமனே விட்டால் அது நொறுங்கிவிடும் என்பதால், ஜெலட்டின் எடையில் ஏறத்தாழ 20 முதல் 30 சதவீதம் கிளிசரால் என்னும் பாகு போன்ற திரவத்தைச் சேர்த்து வளையச் செய்கிறோம். உலர்ந்த நிலையில் இப்படலம் ஆக்சிஜனை நன்றாகத் தடுப்பதால், வறுத்த கடலை, மசாலாப் பொடி போன்றவற்றில் சிக்கு வாடை ஏறுவதைத் தள்ளிப்போட உதவுகிறது.

காற்றில் ஈரம் கூடும்போதோ, அதே படலம் நீரை இழுத்து ஊறிப் பிசுபிசுத்து, ஆக்சிஜனையும் உள்ளே விடத் தொடங்குகிறது. கிளிசராலும் ஈரத்தை ஈர்க்கும் பொருளே என்பதால், வளையும் தன்மையைக் கூட்டக் கூட்ட இந்தக் குறையும் கூடுகிறது. ஆகவே சோதனை அறிக்கையில் எந்த ஈரப்பதத்தில் அளந்தார்கள் என்பதைப் பார்க்காமல் ஆக்சிஜன் தடுப்பு எண்ணை மட்டும் நம்பி வாங்குவது, கடலோர ஊர்களில் மழைக்காலத்தில் பெரும் இழப்பைத் தரும்.

ஈரத்தைத் தாங்க வைப்பதற்குப் புரத இழைகளை ஒன்றோடொன்று பிணைக்கும் முறைகள் உள்ளன. டிரான்ஸ்குளூட்டமினேஸ் நொதி, தாவரங்களின் துவர்ப்புப் பொருள்களான டானின்கள் ஆகியவற்றால் பிணைப்பதை நான் ஏற்கிறேன். ஆய்வுகளில் இதே பிணைப்புக்கு நெடுநாளாகப் பயன்பட்டுவரும் குளூட்டரால்டிஹைடு என்னும் வேதிப்பொருள் நச்சுத்தன்மை உடையதாதலால், உணவைத் தொடும் படலத்தில் அது வேண்டவே வேண்டாம் என்கிறேன். பிணைப்பு இறுக இறுகப் படலம் மண்ணில் மக்குவதும் தாமதமாகும் என்பதால், வலுவூட்டிய படலத்தையே மக்கும் சோதனைக்கு உட்படுத்த வேண்டும்.

மூலப்பொருளை மறைப்பது எனக்குச் சிறிதும் உடன்பாடில்லை. உணவோடு சேர்த்து உண்ணப்படும் படலம் அவ்வுணவின் உட்பொருளே ஆகிவிடுவதால், சைவ உணவு உண்போருக்கும், மதக் காரணங்களால் பன்றி, மாட்டுப் பொருள்களைத் தவிர்ப்போருக்கும், மீன் ஒவ்வாமை உடையோருக்கும் அந்த ஜெலட்டின் எந்த உயிரினத்திலிருந்து வந்தது என்பது உறையின் மேலேயே தெளிவாகத் தெரிய வேண்டும்.