குரு: கனமா, ஒளியா?

‘கு என்றால் இருள், ரு என்றால் நீக்குவது, இருளை நீக்குபவர் குரு.’ குரு பூர்ணிமை வந்துவிட்டால் மேடைதோறும் கேட்கிற விளக்கம் இது. அத்வயதாரக உபநிடதத்திலேயே இருப்பதால் நேற்று யாரோ கட்டிவிட்டது என்று தள்ளிவிட முடியாது. ஆனாலும் அது சொல்லை மனத்தில் நிறுத்திக்கொள்ள உதவும் பொருளே தவிர, சொல் பிறந்த கதை அல்ல.

வடமொழியில் ‘குரு’ அடிப்படையில் ஒரு பெயரடை. பொருள்: கனமான. எதிர்ச்சொல் ‘லகு’. வடமொழி யாப்பில் நெடிய அசைக்குக் குரு, குறிய அசைக்கு லகு என்று பெயர். மலையாளத்தில் புவியீர்ப்பை இன்றும் ‘குருத்வாகர்ஷணம்’ என்கிறார்கள். லத்தீனில் கனத்தைக் குறிக்கும் ‘கிராவிஸ்’ இதற்கு உறவுச் சொல். கனமுள்ளவர், மதிப்புக்குரியவர், பெரியவர், ஆசிரியர் என்று பொருள் படிப்படியாக வளர்ந்தது. நன்னூல் நல்லாசிரியருக்குச் சொல்லும் உவமைகளில் ஒன்று மலை: அளக்க முடியாதது, அசைக்க முடியாதது. நன்னூலார் இந்த வேரை எண்ணிச் சொன்னாரோ இல்லையோ, பொருத்தம் அப்படி அமைந்திருக்கிறது.

தமிழிலும் ஒரு ‘குரு’ உண்டு. அது வேறு சொல். ‘குருவும் கெழுவும் நிறனா கும்மே’ என்கிறது தொல்காப்பிய உரியியல். நிறம், ஒளி என்பது பொருள். வேர்க்குருவில் வரும் குருவோ மூன்றாவது, கொப்புளம். ஆசிரியரைச் சொல்லும்போது முதல் எழுத்தைக் ‘கங்கை’யின் முதல் ககரம் போல மெலிதாக ஒலிக்கிறோம். எழுத்தில் அந்த வேறுபாடு தெரியாததால் குழப்பம் எளிதில் வந்துவிடும். சிவபுராணத்தின் ‘கோகழி ஆண்ட குருமணி’ நல்ல எடுத்துக்காட்டு. ஒளிமணி என்றும் கொள்ளலாம், குருவாகிய மணி என்றும் கொள்ளலாம். இறைவன் ‘குருபரன் ஆகி’ வந்ததைத் தம் ‘போற்றித் திருவகவல்’ பாடலில் மாணிக்கவாசகரே சொல்வதால், இரண்டாவதே வலுவானது.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? ‘குரவர்’ என்றால் முழுப் பொருத்தம் என்று நினைப்பவர்கள் உண்டு. ஐங்குரவர் பட்டியலில் அரசன், ஆசிரியன், தாய், தந்தை, தமையன் எல்லாரும் அடங்குவர். சிலப்பதிகாரத்தில் ‘குரவர்பணி அன்றியும்’ என்று மாதவி எழுதுவது பெற்றோரைப் பற்றி. ஆகவே தனியே நின்றால் அது ‘பெரியோர்’ மட்டுமே. சமயக் குரவர் (தேவார மூவரும் மாணிக்கவாசகரும்), சந்தானக் குரவர் (சைவ சித்தாந்த ஆசிரிய மரபினர்) என அடைமொழி சேரும்போதுதான் குரு என்ற பொருள் உறுதிப்படும். அந்தப் பெருமைக்கும் வயதுக்கும் தொடர்பில்லை: சந்தானக் குரவருள் முதல்வரான மெய்கண்டாருக்கு, வயதில் மூத்த அருணந்தி சிவாசாரியார் மாணவரானார்.

‘ஆசிரியன்’ என்பதை ஆசு + இரியன், அதாவது குற்றத்தை ஓட்டுபவன் என்று பிரிப்பதும் வழக்கம். கு + ரு விளக்கத்தின் தமிழ் உடன்பிறப்பு! ‘ஆசார்ய’ என்ற வடசொல்லின் தமிழ் வடிவம் என்பதே பொருந்துகிறது. ‘ஆசான்’ சிலம்பம், வர்மம், மருத்துவம் கற்பிப்பவருக்கு நன்றாக ஒட்டும்.

பத்திரிகைகள் எழுதும் ‘ஆன்மிக வழிகாட்டி’தான் இருப்பதிலேயே மெலிந்த மொழிபெயர்ப்பு. வழிகாட்டி திசையைச் சொல்லிவிட்டு நின்றுவிடுவார். சைவ சித்தாந்தத்தில் குருவுக்குச் செய்யவேண்டிய வேலை இருக்கிறது; அதன் பெயர் தீக்கை (தீட்சை). சமய தீக்கையில் திருவைந்தெழுத்தை உபதேசிப்பார். விசேட தீக்கை சிவபூசைக்கு உரிமை தரும். நிருவாண தீக்கையில் மந்திரம், பதம், வன்னம், புவனம், தத்துவம், கலை என்ற ஆறு அத்துவாக்களையும் (வினை வந்து சேரும் வழிகளையும்) தூய்மை செய்து, அவற்றின் வழியே கட்டிய வினையைக் கழிப்பார். பார்வையால் தருவது நயன தீக்கை. சிவமாகப் பாவித்த கையைச் சீடன் தலையில் வைப்பது பரிச தீக்கை. நிருவாண தீக்கை பெற்றதாலேயே ஒருவர் பிறருக்குத் தீக்கை தந்துவிட முடியாது. அதன்பின் ஆசாரிய அபிடேகமும் (குருவாக அமர்த்தும் சடங்கும்) ஆகவேண்டும். இந்த இடத்தில் ‘குரு’வை அப்படியே எழுதலாம், ‘ஞானாசிரியர்’ என்றும் எழுதலாம். சொற்பொழிவாளரையும் யோகா வகுப்பு எடுப்பவரையும் குரு என்றால் இந்தப் பொருள் தேய்ந்துபோகும்.

இன்னொரு தேய்வு கோயிலுக்குள்ளேயே நடக்கிறது. தேவர்களின் ஆசிரியர் பிரகஸ்பதி என்பதால் வியாழன் கோளுக்கும் குரு என்று பெயர். தட்சிணாமூர்த்தியோ சனகாதி முனிவர் நால்வருக்கு மௌனத்தால் உணர்த்திய சிவன். பெயர் ஒன்றானதால், குருப்பெயர்ச்சி நாளில் வியாழனுக்குரிய கொண்டைக்கடலை மாலையும் மஞ்சள் துணியும் தென்முகக் கடவுளின் மேல் ஏறிவிடுகின்றன. நவக்கிரக மேடையில் இருக்கும் வியாழன் பக்கம் அன்று பல கோயில்களில் கூட்டமே இருப்பதில்லை. கோளைச் சொல்லும்போது ‘வியாழன்’ என்றும் பெயர்ச்சியை ‘வியாழப் பெயர்ச்சி’ என்றும் எழுதினால் பாதிக் குழப்பம் குறையும்.